காரணம் உண்டு, நியாயம் இல்லை: சோமாலியக் கடற்கொள்ளையைப் புனிதப்படுத்துவோர் கவனத்திற்கு

சோமாலியக் கடற்கொள்ளை பற்றிய உரையாடல் இந்தியப் பல்கலைக்கழகங்களில் எங்குத் தொடங்கினாலும், சிறிது நேரத்தில் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கிறது: "அவர்கள் கொள்ளையர் அல்லர், தம் கடலைக் காக்க எழுந்த மீனவர்கள்." 2008 செப்டம்பரில் 33 டாங்கிகளை ஏற்றிச் சென்ற ஃபைனா என்னும் கப்பலைக் கைப்பற்றிய குழுவின் பேச்சாளர், அமெரிக்க நாளிதழ் ஒன்றிடம் ஏறத்தாழ இதையே சொன்னார். தாங்கள் கொள்ளையர் அல்லர் என்றும், தம் கடலில் திருட்டுத்தனமாக மீன் பிடிப்போரும் கழிவு கொட்டுவோருமே கொள்ளையர் என்றும் அவர் வாதிட்டார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வாதம் கருத்தரங்கக் கட்டுரைகளில் உலவிக்கொண்டிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் தம்மைப் பற்றிச் சொன்ன விளக்கம், குறுக்கு விசாரணை ஏதுமின்றி ஆய்வு முடிவாக உயர்வு பெற்றுவிட்டது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது அரசுகளின் வாக்கியம்: "கடற்கொள்ளையன் மனிதகுலம் முழுமைக்கும் எதிரி." சிசரோ காலம் தொட்டு வரும் இந்தக் கருத்து, காரணம் எதையும் கேட்கத் தேவையில்லை என்ற வசதியை அரசுகளுக்கு அளிக்கிறது. எதிரி யார் என்று தெரிந்துவிட்டால் அவன் எப்படி உருவானான் என்ற கேள்வி தேவையற்றதாகிவிடுகிறது.

முதல் தரப்பு காரணத்தைச் சொல்லி நியாயத்தை அடைந்துவிட்டதாக எண்ணுகிறது. இரண்டாம் தரப்பு குற்றத்தைச் சொல்லிக் காரணத்தை ஒழித்துவிட்டதாக எண்ணுகிறது. இரண்டின் பிழையும் ஒரே வேரிலிருந்து முளைத்தது. இரு தரப்புக் கணக்கிலும் கப்பலில் கூலிக்கு உழைக்கும் மாலுமிக்கு இடமில்லை.

1.

காரணங்களை முதலில் முழுமையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அவற்றைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது.

1991 ஜனவரியில் சியாத் பாரே ஆட்சி வீழ்ந்தபின் சோமாலியாவில் மைய அரசு என்று ஒன்று இல்லாமற்போயிற்று. 3,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கடற்கரை காவலின்றிக் கிடந்தது. ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் இழுவைக் கப்பல்கள் வந்தன. சில உரிமம் ஏதுமின்றி வந்தன. சில, அந்தந்தப் பகுதியை ஆண்ட ஆயுதக் குழுத் தலைவர்களிடம் பணம் கொடுத்து வாங்கிய, சட்ட மதிப்பற்ற உரிமங்களோடு வந்தன. சோமாலிய மீன்வளம் குறித்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்று, அயல்நாட்டுக் கப்பல்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,32,000 டன் பிடித்துச் சென்றதாகவும், சோமாலிய மீனவர்களின் பங்கு 40,000 டன் அளவே என்றும் மதிப்பிட்டது. சொந்தக் கடலில் சொந்தக்காரருக்குக் கிடைத்தது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

கழிவுக் குற்றச்சாட்டும் வெறும் கதை அன்று. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் சோமாலியக் கரையில் கழிவுக் கலன்கள் ஒதுங்கியதையும், அங்குள்ள மக்கள் உடல்நலக் கேடுகளைப் பற்றி முறையிட்டதையும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2005இல் பதிவு செய்தது. ஆயுதக் கடத்தலையும் நச்சுக் கழிவு வணிகத்தையும் துப்பறிந்துகொண்டிருந்த இத்தாலியச் செய்தியாளர் இலாரியா அல்பி, 1994 மார்ச் 20 அன்று மொகதிசுவில் ஒளிப்பதிவாளரோடு சேர்த்துக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காக இத்தாலியில் தண்டிக்கப்பட்ட சோமாலியர் பல்லாண்டுச் சிறைக்குப் பின் குற்றமற்றவர் என 2016இல் விடுவிக்கப்பட்டார். உண்மைக் குற்றவாளிகள் எவரும் தண்டிக்கப்படவில்லை.

சட்டமும் இக்கொள்ளைக்கு வழிவிட்டது. ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கைக்கு ஏற்ற 200 கடல்மைல் தனிப் பொருளாதார மண்டலத்தைச் சோமாலியா முறைப்படி அறிவித்தது 2014 ஜூனில்தான். அதுவரை அங்கு நடந்த மீன்பிடி சட்டவிரோதமா என்பதே வழக்கறிஞர்கள் வாதிடத்தக்க பொருளாக இருந்தது. அரசு இல்லாத நாடு அறிவிப்பு வெளியிடவில்லை என்பதால் அந்நாட்டு மீனுக்கு உரிமையாளர் இல்லை என்று வாதிட முடிந்தது. சட்டத்தின் கண்ணில் இது திருட்டாகாமல் போகலாம். அறத்தின் கண்ணில் இதற்கு வேறு பெயர் கிடையாது.

அரசியல் காரணமும் உண்டு. 2006இல் சில மாதங்கள் மட்டும் தென் சோமாலியாவை ஆண்ட இஸ்லாமிய நீதிமன்றங்களின் ஒன்றியம், ஹரர்தேரே உள்ளிட்ட கொள்ளைத் தளங்களை ஒடுக்கியது. அவ்வாண்டின் இறுதியில் எத்தியோப்பியப் படை அமெரிக்க ஆதரவோடு நுழைந்து அவ்வாட்சியை அகற்றியது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் கடற்கொள்ளை உலகத் தலைப்புச் செய்தியாயிற்று. கொள்ளையை அடக்கிய ஓர் ஆட்சியை வீழ்த்த உதவிய வல்லரசே, பின்னர் கொள்ளையை அடக்கப் போர்க்கப்பல்களை அனுப்பியது.

இவ்வளவும் உண்மை. ஆனால் இவை அனைத்தும் கடற்கொள்ளை ஏன் அங்கே எளிதாயிற்று என்பதை மட்டுமே விளக்குகின்றன. கடற்கொள்ளையர் எதற்காகச் செயல்பட்டனர் என்பதற்கு அவர்களின் செயலையே சான்றாகக் கொள்ள வேண்டும்.

2.

அந்தச் சான்றை 2005 ஜூன் மாதத்திலிருந்து தொடங்கலாம். உலக உணவுத் திட்டம் வாடகைக்கு அமர்த்திய செம்லோ என்னும் கப்பல் சோமாலியக் கடலில் கைப்பற்றப்பட்டது. அதிலிருந்தது 850 டன் அரிசி. ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட சோமாலியருக்காக அனுப்பப்பட்ட அரிசி அது. நூறு நாள் அளவுக்கு அக்கப்பல் பிடித்துவைக்கப்பட்டது. ஆழிப்பேரலை கரைசேர்த்த நச்சுக் கலன்களுக்குப் பழிவாங்கப் புறப்பட்ட காவலர் என்று போற்றப்படுவோர், அதே ஆழிப்பேரலையில் வீடிழந்த தம் மக்களின் அரிசியைப் பணயம் வைத்தனர். கடற்காவலர் வாதத்தை முன்வைக்கும் எந்தக் கட்டுரையும் இந்தக் கப்பலைக் கடந்தே ஆக வேண்டும். பெரும்பாலானவை அதன் பெயரைக்கூடச் சொல்வதில்லை.

அடுத்து, எவற்றைப் பிடித்தார்கள் என்று பார்க்க வேண்டும். மீன்திருட்டுக் கப்பல்கள் சிலவும் பிடிபட்டன என்பது உண்மை. ஆனால் பட்டியலில் எண்ணெய்க் கப்பல்கள், வேதிப்பொருள் கப்பல்கள், சரக்குக் கப்பல்கள், உல்லாசப் படகுகள் எனக் கடந்துசென்ற யாவும் உண்டு. 2008 நவம்பரில் கைப்பற்றப்பட்ட சவூதி எண்ணெய்க் கப்பல் சிரியஸ் ஸ்டார், கென்யக் கரையிலிருந்து நானூறு கடல்மைலுக்கும் அப்பால் சென்றுகொண்டிருந்தது. அங்கே சோமாலியரின் மீனும் இல்லை, கரையும் இல்லை. இருந்தது இருபது லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய்.

குஜராத்தின் கச்சுப் பகுதியிலிருந்தும் சலாயாவிலிருந்தும் சோமாலியத் துறைமுகங்களுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் மரக்கலங்களும் தப்பவில்லை. அவற்றைப் பிடித்து, மாலுமிகளைக் கேடயமாக வைத்துக்கொண்டு, பெரிய கப்பல்களை வேட்டையாடும் தாய்க்கலங்களாகப் பயன்படுத்தினர். 2010 மார்ச்சில் இத்தகைய கடத்தல்கள் பெருகியபோது, சலாலாவுக்கும் மாலேவுக்கும் இடையிலான கோட்டைக் கடந்து மரக்கலங்கள் செல்லக் கூடாது என்று இந்தியக் கப்பல்துறைத் தலைமை இயக்குநரகம் தடைவிதித்தது. தலைமுறை தலைமுறையாகச் சோமாலியருக்கு அரிசியும் சர்க்கரையும் கொண்டுசென்ற எளிய கடலோடிகளின் தொழில் அதனால் முடங்கியது. எந்த ஏகாதிபத்தியத்தை எதிர்த்து இந்த மரக்கலங்கள் பிடிக்கப்பட்டன என்பதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் இன்னும் சொல்லவில்லை.

மூன்றாவது சான்று பணம். 2005 ஏப்ரல் முதல் 2012 இறுதி வரை 179 கப்பல்கள் கடத்தப்பட்டன என்றும், செலுத்தப்பட்ட மீட்புப் பணம் 33.9 கோடி முதல் 41.3 கோடி டாலர் வரை என்றும் உலக வங்கி முதலானவை 2013இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. அதில் 30 முதல் 50 விழுக்காடு முதலீட்டாளர்களுக்குப் போயிற்று. படகில் ஏறிச் சென்று உயிரைப் பணயம் வைத்த கீழ்மட்டத்தான் ஒரு கப்பலுக்குப் பெற்றது 30,000 முதல் 75,000 டாலர் வரை. காத்திருந்த நாளெல்லாம் கடனுக்கு வாங்கிய காட் என்னும் போதைத் தழையின் விலையும் அதிலிருந்தே கழிக்கப்பட்டது. முதலீடு, இலாபப் பங்கு, கூலி, கடன் பிடித்தம் ஆகிய நான்கும் ஒழுங்காக அமைந்த தொழில் இது. இதை மீனவர் எழுச்சி என்பது, சாராய ஆலையை விவசாயிகள் சங்கம் என்பதற்கு ஒப்பாகும்.

அந்தப் பணம் எங்கே போயிற்று என்பதும் அறியப்பட்டதே. ஆன்யா ஷார்ட்லண்ட் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2012இல் செய்த ஆய்வு, கொள்ளைப் பணத்தின் வளர்ச்சித் தடயம் கரோவே, பொசாசோ போன்ற மாகாண நகரங்களில் தென்பட்டதாகவும், ஏய்ல், ஹோப்யோ போன்ற கடற்கரை ஊர்கள் பெரிதாக எதையும் பெறவில்லை என்றும் காட்டியது. மீனவர் பெயரால் ஈட்டிய பணம் மீனவர் ஊரில் தங்கவில்லை. கொள்ளைக்குத் தேவைப்பட்டது முழு அராஜகமும் அன்று. சந்தை, சாலை, பேரம் பேசத்தக்க அளவு ஒழுங்கு, விலைக்கு வாங்கத்தக்க அதிகாரிகள் ஆகியவை ஓரளவு இருந்த பகுதிகளிலேயே அது செழித்தது என்று ஷார்ட்லண்டும் சாரா பெர்சியும் வாதிட்டதும் இதோடு பொருந்துகிறது.

கடைசியாக, சோமாலியரின் சொல்லையே கேட்கலாம். கடற்கொள்ளையருக்குச் சோமாலி மொழியில் வழங்கும் பெயர் 'புர்காத் பதேத்'. பொருள்: கடல் வழிப்பறியர். காவலர் என்னும் பட்டம் அவர்கள் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டது. அதை வெளியுலக அறிவாளர் சிலர் வழிமொழிந்தனர். விளிம்புநிலை மக்களின் குரலைக் கேட்க வேண்டும் என்று கற்பிக்கும் துறைகள், அம்மக்கள் வைத்த பெயரை மட்டும் கேளாமல் விட்டது வியப்புக்குரியது.

3.

இனி அறம்.

கொள்ளையரைப் போற்றுவோர் தவறாமல் மேற்கோள் காட்டுவது அகஸ்தீன் சொல்லும் அலெக்சாந்தர் கதையை. பிடிபட்ட கொள்ளையன் பேரரசனைப் பார்த்து, உனக்கும் எனக்கும் அளவில் மட்டுமே வேறுபாடு என்று கூறும் கதை. ஆனால் அகஸ்தீன் அதைச் சொன்னது நீதியற்ற அரசு பெருங்கொள்ளையே என்று நிறுவுவதற்காக. அரசனின் மகுடத்தை அந்தக் கதை பறிக்கிறது. கொள்ளையன் தலையில் அதைச் சூட்டவில்லை. இருவரும் ஒன்றே என்றால் இருவரும் குற்றவாளிகள் என்பதே அதன் முடிவு.

அடுத்து வருவது வரலாற்று வாதம். கடற்கொள்ளையர் என்ற சொல் பேரரசுகளின் ஆயுதமாக இருந்தது என்பது மறுக்கவியலாதது. போர்த்துக்கீசியர் இந்தியப் பெருங்கடலில் தம் அனுமதிச்சீட்டு இல்லாத கலங்களைப் பறித்தனர். எதிர்த்த குஞ்ஞாலி மரைக்காயர்களைக் கொள்ளையர் என்றனர். நான்காம் குஞ்ஞாலியை 1600இல் கோவாவில் கொன்றனர். கானோஜி ஆங்கிரேயை ஆங்கிலேயர் கொள்ளையன் என்றே எழுதினர். இன்று இந்தியக் கடற்படையின் மும்பைத் தளங்களில் ஒன்று ஆங்கிரே பெயரையும் மற்றொன்று குஞ்ஞாலி பெயரையும் தாங்கியுள்ளன. ஆனால் ஒருவர் மீது பொய்யாகச் சுமத்தப்பட்ட பெயர் எல்லார் மீதும் பொய்யாகவே சுமத்தப்பட்டது என்று ஆகிவிடாது. ஆங்கிரே மராட்டிய அரசுக்குக் கட்டுப்பட்ட கடற்படைத் தலைவர். குஞ்ஞாலி ஓர் அரசனின் ஆணையில் போர் புரிந்தவர். ஹரர்தேரேயின் முதலீட்டாளர் எவருக்குக் கட்டுப்பட்டவர்? எந்த மீனவர் அவையில் கணக்குக் காட்டினார்? கடற்காவலன் தண்டம் விதித்தால் அது பொதுக் கருவூலத்துக்குப் போக வேண்டும். அவன் அத்துமீறினால் முறையிட ஓர் இடம் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் காவல் என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

எனினும் இவ்வாதங்களெல்லாம் இரண்டாம் நிலையினவே. முதன்மையான கேள்வி, யாருடைய உடல்மீது இந்த எதிர்ப்பு நிகழ்த்தப்பட்டது என்பது. அநீதிக்கு ஆளானவனுக்கு எதிர்க்கும் உரிமை உண்டு. அந்த உரிமை அநீதி இழைத்தவனை நோக்கியது. வழியில் அகப்பட்டவனை நோக்கி அது நீளாது.

ஐஸ்பர்க் 1 என்னும் சரக்குக் கப்பல் 2010 மார்ச்சில் கைப்பற்றப்பட்டது. ஏமன், இந்தியா, கானா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளின் மாலுமிகள் 24 பேர் அதிலிருந்தனர். உரிமையாளர் அவர்களைக் கைவிட்டார். ஏறத்தாழ ஆயிரம் நாள் கழித்து, 2012 டிசம்பரில், பன்ட்லாந்து கடற்காவல் படை முற்றுகையிட்டு 22 பேரை மீட்டது. சிரியஸ் ஸ்டாரோ இரண்டு மாதத்துக்குள் விடுதலை பெற்றது. இரண்டு கப்பல்களுக்கும் உள்ள வேறுபாடு எளிது. ஒன்றின் உரிமையாளரால் பணம் செலுத்த முடிந்தது, மற்றதன் உரிமையாளர் செலுத்தவில்லை. பெருமுதலாளியின் கப்பல் விரைவில் திரும்பியது. ஏழைக் கப்பலின் ஏழை மாலுமி மட்கினான். செல்வத்தைத் தாக்குவதாகச் சொல்லிக்கொண்ட ஒரு தொழில், அதன் இயல்பிலேயே வறியவனை நீண்டநாள் வதைப்பதாக அமைந்திருந்தது.

மலேசிய உரிமையாளரின் ஆல்பேடோ 2010 நவம்பரில் பிடிபட்டது. இந்திய மாலுமி ஒருவர் கொல்லப்பட்டார். பாகிஸ்தானியர் ஏழு பேரை அந்நாட்டு மக்கள் நிதி திரட்டி 2012இல் மீட்டனர். 2013 ஜூலையில் கப்பலே மூழ்கியது. உடன் சிலர் மாண்டனர். எஞ்சிய வங்கதேசத்தவர், இலங்கையர், இந்தியர், ஈரானியர் 11 பேர் 2014 ஜூனில்தான் வெளியே வந்தனர். நஹாம் 3 என்பது மீன்பிடிக் கப்பல். கடற்காவலர் வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கு இருக்க முடியாது. ஆனால் நான்கரை ஆண்டு எலியைத் தின்று உயிர்வாழ நேர்ந்தது அதன் உரிமையாளருக்கு அன்று; கம்போடியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம், சீனா, தைவான் ஆகியவற்றைச் சேர்ந்த கூலித் தொழிலாளருக்கு. பிடிபட்ட 29 பேரில் 26 பேரே 2016 அக்டோபரில் உயிருடன் மீண்டனர்.

ஆஸ்பால்ட் வென்ச்சர் கப்பலின் வரலாறு இவ்வாதத்தை முற்றாக முடித்துவைக்கிறது. 2010 செப்டம்பரில் 15 இந்தியர்களோடு அது பிடிபட்டது. 2011 ஏப்ரலில் மீட்புப் பணம் செலுத்தப்பட்டது. கொள்ளையர் பணத்தைப் பெற்றுக்கொண்டு எட்டுப் பேரை விடுவித்தனர். எஞ்சிய ஏழு பேரையும், இந்தியக் கடற்படை பிடித்துவைத்திருந்த தம் கூட்டாளிகள் நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுவிக்கக் கோரி வைத்துக்கொண்டனர். அவர்கள் வீடு திரும்பியது 2014 அக்டோபருக்குப் பின்னரே. வணிகத்தின் குறைந்தபட்ச நேர்மையும் அங்கே இல்லை; போரின் குறைந்தபட்ச விதியும் இல்லை.

மாலுமியும் உலக முதலாளித்துவத்தின் உறுப்புதானே என்றொரு மறுப்பு எழக்கூடும். அவ்வாறானால் இழுவைக் கப்பலில் வலை இழுத்த கம்போடியனும், அதே கடலில் வலை வீசிய சோமாலியனும் ஒரே அமைப்பின் உறுப்புகள். அமைப்பின் குற்றத்துக்கு அதன் கடைநிலைக் கூலியாள் உடலால் ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை ஏற்றால், எந்தத் தொழிலாளியும் எந்நாளும் பாதுகாப்பாக இருக்க முடியாது. அது விடுதலைக் கோட்பாடு ஆகாது.

4.

கொள்ளையரை மறுப்பதால் அரசுகள் தூய்மை பெற்றுவிடுவதில்லை. எதிர்முனையின் கணக்கையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும்.

2008 நவம்பர் 18 அன்று, ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையரின் தாய்க்கப்பல் ஒன்றை ஐ.என்.எஸ். தபார் தாக்கி அழித்ததாக அறிவிக்கப்பட்டது. நாடெங்கும் பாராட்டு எழுந்தது. சில நாளில் தெரியவந்தது: அழிக்கப்பட்டது கொள்ளையரால் கடத்தப்பட்ட தாய்லாந்து மீன்பிடிக் கப்பல் எகவத் நவ 5. அதில் 16 மாலுமிகள் கட்டுண்ட நிலையில் பணயக்கைதிகளாக இருந்தனர் என்று கப்பல் உரிமையாளர் தரப்பு கூறியது. ஆறு நாள் கடலில் மிதந்து ஒருவர் உயிர்தப்பினார். ஒருவர் உடல் கிடைத்தது. 14 பேர் காணாமற்போயினர். தம்மை நோக்கிச் சுட்டதால் தற்காப்புக்காகத் தாக்கியதாகக் கடற்படை விளக்கியது. விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பாராட்டை நினைவில் வைத்திருப்போரில் எத்தனை பேர் அந்தப் பதினைந்து மீனவர்களை நினைவில் வைத்திருக்கிறார்கள்? கொள்ளையர் கையில் பணயமாக இருந்த உடல், கடற்படையின் துப்பாக்கி முன் இலக்காயிற்று. இரு தரப்புக்கும் நடுவில் இருந்தவன் மீண்டும் மாலுமியே.

2012 பிப்ரவரி 15 நிகழ்வும் இதே இயல்பினது. கடற்கொள்ளை அபாய மண்டலம் என்ற வரையறையைக் கப்பல் நிறுவனங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் 2010 இறுதியில் இந்தியாவின் மேற்குக் கரையை ஒட்டிவரும் அளவுக்கு விரித்திருந்தன. அந்த மண்டலத்துக்குள் சென்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பல் என்ரிகா லெக்சியின் படைவீரர் இருவர், கேரளக் கரைக்கு அருகே ஒரு மீன்பிடிப் படகை நோக்கிச் சுட்டனர். கொல்லத்தைச் சேர்ந்த ஒருவரும் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவரும் மாண்டனர். அவர்களைக் கொள்ளையர் என்று எண்ணியதாகச் சொல்லப்பட்டது. பன்னாட்டு நடுவர் மன்றம் 2020இல் அளித்த தீர்ப்பில், வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு, இந்தியா அவர்களை விசாரிக்க இயலாது, இழப்பீடு மட்டும் பெறலாம் என்றது. பத்துக் கோடி ரூபாய் செலுத்தப்பட்டபின் 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. சோமாலியக் கடலில் மீன் திருடப்பட்டதில் தொடங்கிய சங்கிலியின் ஒரு கண்ணி, கன்னியாகுமரி மீனவரின் மார்பில் வந்து முடிந்தது. அச்சமே ஒரு வணிகமான நிலையில், படகில் நிற்கும் கறுத்த உடல் எதுவும் கொள்ளையனாகத் தெரிந்தது.

சட்டத்தின் சமநிலையின்மை இன்னும் வெளிப்படையானது. 2008 ஜூன் 2 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1816ஆம் தீர்மானத்தின் வழி, சோமாலியாவின் எல்லைக் கடலுக்குள்ளேயே புகுந்து கொள்ளையரை ஒடுக்க அயல்நாட்டுப் போர்க்கப்பல்களுக்கு வழிசெய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அட்டலாண்டா நடவடிக்கை, அமெரிக்கத் தலைமையிலான கூட்டுப்படை, நேட்டோ, இந்தியா, சீனா, ரஷ்யா என எல்லாரும் வந்தனர். மீன்திருட்டை ஒடுக்க இத்தகைய அனுமதி எவருக்கும் தரப்படவில்லை. அட்டலாண்டாவின் பணிப்பட்டியலில் மீன்பிடியைக் கண்காணித்தலும் இருந்தது. கண்காணிப்பது மட்டுமே, தடுப்பது அன்று. கப்பலைப் பறிப்பவனை எந்த நாடும் பிடித்து விசாரிக்கலாம் என்கிறது கடற்சட்ட உடன்படிக்கை. ஒரு கடலின் மீனைப் பறிப்பவன் மீதான பொறுப்பையோ, பெரும்பாலும் அவன் ஏற்றிய கொடியின் நாட்டிடமே உலகம் விட்டுவைத்தது. அந்தக் கொடியோ பல வேளை விலைக்கு வாங்கப்பட்டது. கடற்கொள்ளையால் உலக வணிகத்துக்கு ஆண்டுக்கு 1,800 கோடி டாலர் இழப்பு என்று உலக வங்கி கணக்கிட்டது. சோமாலியரின் இழப்புக்கு அத்தகைய கணக்காளர் வாய்க்க நெடுநாளாயிற்று.

தண்டனையும் மேலேறிச் செல்லவில்லை. பிடிபட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் விசாரணையின்றி விடப்படுகின்றனர் என்று ஐ.நா. பொதுச்செயலரின் ஆலோசகர் ழாக் லாங் 2011 ஜனவரியில் அறிக்கையளித்தார். பின்னர்ச் சிறைகள் நிரம்பின. நிரப்பியவர்கள் பெரும்பாலும் படகோட்டிகளும் துப்பாக்கி தூக்கிய இளைஞர்களும். பெருந்தலைகளில் தண்டனை பெற்றோர் மிகச் சிலர். அஃப்வேனே எனப்பட்ட முகமது அப்தி ஹசன், திரைப்பட ஆலோசகராக அழைக்கப்படுவதாக நம்பவைக்கப்பட்டு 2013இல் பிரஸ்ஸல்ஸில் கைதாகி, 2016இல் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றது விதிவிலக்கு.

இந்தியாவும் இதே வழியில் செல்கிறது. 1999இல் அலோண்ட்ரா ரெயின்போ கப்பலைக் கடத்தியோரைக் கடற்படையும் கடலோரக் காவல்படையும் துரத்திப் பிடித்தன. விசாரணை நீதிமன்றம் தண்டித்தது. 2005இல் மும்பை உயர் நீதிமன்றம் விடுவித்தது. தனிச்சட்டம் வேண்டும் என்ற உணர்வு அதன்பின் வலுப்பெற்றது நியாயமே. ஆனால் 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம், உயிரிழப்பு நேர்ந்தால் மரண தண்டனை வரை செல்கிறது. கரோவேயில் வட்டி எண்ணும் முதலீட்டாளனை அந்தத் தூக்குக்கயிறு எட்டாது. எட்டுவது முன்னாள் மீனவனின் கழுத்தை மட்டுமே.

5.

2023 டிசம்பரில் ரூயென் கப்பல் கடத்தப்பட்டதும், 2024 மார்ச்சில் இந்தியக் கடற்படை இந்தியக் கரையிலிருந்து 2,600 கிலோமீட்டர் அப்பால் அதை மடக்கி 17 மாலுமிகளைக் காயமின்றி மீட்டு 35 கொள்ளையரைப் பிடித்ததும் அண்மை வரலாறு. அதே மாதத்தில் 23 வங்கதேச மாலுமிகளோடு எம்.வி. அப்துல்லா கடத்தப்பட்டு, ஏப்ரலில் பணம் பெற்று விடப்பட்டது. பத்தாண்டு ஓய்ந்திருந்த தொழில் மீண்டும் தலையெடுத்ததிலிருந்து பெறத்தக்க பாடம் ஒன்று உண்டு. போர்க்கப்பலும் ஆயுதக் காவலரும் கொள்ளையின் விலையை உயர்த்தினரே தவிர, அதற்கு ஆள் கிடைக்கும் நிலையை மாற்றவில்லை. ரூயென் மீட்பு பாராட்டுக்குரியது. அது மாலுமியின் உயிரை முன்வைத்துச் செய்யப்பட்டது. அதே அக்கறை எகவத் நவ 5 மீது இருந்திருக்க வேண்டும் என்று கேட்பது அந்தப் பாராட்டைக் குறைப்பதாகாது.

முரணில்லாத நிலைப்பாடு ஒன்றை வகுப்பது கடினமன்று. மீன்திருட்டை, அதன் உரிமையாளரும் காப்பீட்டாளரும் சந்தையும் பொறுப்பேற்கும் பன்னாட்டுக் குற்றமாக்க வேண்டும். மாலுமிகளைக் கைவிடும் உரிமையாளர் எந்தக் கொடியின் பின்னும் ஒளிய முடியாதவாறு, மாலுமியின் தாய்நாடே அவர்மீது வழக்குத் தொடுக்கும் உரிமை வேண்டும். மீட்புப் பணம் சென்ற வழியைத் தொடர்ந்து சென்று முதலீட்டாளரைப் பிடிக்க வேண்டும். அதைச் செய்யாமல் படகோட்டியைத் தூக்கிலிடுவது நீதியாகாது. கடலில் தவறுதலாகச் சுட்டுக் கொல்லப்படும் மீனவருக்குக் கொன்றவரின் சீருடை தடையாக நிற்கக் கூடாது.

ஆய்வாளர்களிடம் எதிர்பார்க்கத்தக்கது இதனினும் எளியது. சோமாலியக் கடலில் நடந்த திருட்டை எழுதும்போது செம்லோவின் அரிசியையும் எழுத வேண்டும். கடற்படையின் வெற்றியை எழுதும்போது காணாமற்போன 14 தாய்லாந்துக் கப்பல் மாலுமிகளையும் எழுத வேண்டும். காரணத்தைத் தேடுவது ஆய்வாளரின் கடமை. அக்காரணத்தைக் கேடயமாக்கி, ஆயிரம் நாள் இருட்டறையில் கிடந்தவனிடம் அவனுடைய துன்பம் வரலாற்றுத் தேவை என்று சொல்லும் உரிமை ஆய்வாளர் எவருக்கும் இல்லை.